கருவுற்ற தாயும் வீட்டுக் கருவிகளும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மகளிர், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழா மேடையில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிச் சென்றனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் சற்று வேறானது. கருவுற்ற பெண்ணுக்கு வீட்டிலுள்ள மின்கருவிகளால், அவற்றினின்று வரும் கதிர்வீச்சால், தீங்கு உண்டா என்பதே அப்பொருள். இது மருத்துவர் பேச வேண்டியதன்றோ, கல்விக் கழகத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும்.

இடம் உண்டு. 1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில், ஆலையில் உழைக்கும் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதா வந்தபோது, அதனை ஆதரித்து எழுந்து பேசியவர் அண்ணல் அம்பேத்கர். அடுத்த ஆண்டே அது சட்டமாயிற்று. 1961-இல் நாடு முழுமைக்கும் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என அது விரிந்தது. கருவுற்ற பெண்ணின் நலம் அவள் வீட்டுக் கவலை மட்டுமன்று, சமுதாயத்தின் பொறுப்பு என்பதை நமக்குக் கற்பித்தவர் வழியில் வந்தவர்கள் நாம். ஆகவே இதை நம் மேடையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நம் தெருவில் நடந்தது

இக்கழகம் தொடங்கிய நாளில் நம் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2006-ஆம் ஆண்டு தொடங்கி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. 2011-க்குப் பின் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. பிறகு செல்போன் வந்தது. இன்று கூரை வீட்டிலும் நான்கு மின்கருவிகள் உள்ளன. கருவிகள் வந்த வேகத்தில் அவற்றைப் பற்றிய அறிவு வரவில்லை. அறிவு வராத இடத்தில் அச்சம் வந்து அமர்ந்துகொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். ஊரும் பெயரும் வேண்டா. தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து ஐந்தாம் மாதத்திலேயே செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். "கதிர் பட்டால் பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் சொன்னார். கணவரும் ஆமோதித்தார். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பேரப்பிள்ளை மீதுள்ள ஆசையால் செய்தார்கள். எட்டாம் மாதத்தில் ஒரு நண்பகல், அனைவரும் வேலைக்குச் சென்றிருந்தபோது, அப்பெண்ணுக்கு உதிரப்போக்கு கண்டது. போன் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள். பள்ளிக்குச் செல்லாமல் காய்ச்சலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் 108-ஐ அழைத்தான். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தச் சிறுவனுக்குக் காய்ச்சல் வராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அவளைப் பார்க்கச் சென்ற நாளில் மற்றொன்றையும் கண்டோம். அதே வீட்டுக் கொல்லையில், செம்புக் கம்பியை எடுப்பதற்காக, மூட்டை மூட்டையாக ஒயர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கரும்புகை வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் உடைத்துப் போடப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றி அவ்வீட்டில் எவரும் அஞ்சவில்லை. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினார்கள். அஞ்ச வேண்டியதை அருகில் வைத்துக்கொண்டார்கள். நாம் இன்று கூற வந்த செய்தி முழுவதும் இந்த ஒரு வீட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

கதிர்வீச்சு இருவகை

கதிர்வீச்சு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் அணுகுண்டு தோன்றுகிறது. ஆனால் விளக்கின் ஒளியும் கதிர்வீச்சே, அடுப்பின் அனலும் கதிர்வீச்சே. ஆகவே கதிர்வீச்சு உண்டா என்று கேட்பது போதாது; எந்த வகை, எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

முதல் வகை, அணுவிலிருந்து மின்னணுவைப் பெயர்த்தெறியும் ஆற்றல் படைத்தது. இதனை அயனியாக்கும் கதிர்வீச்சு என்பர். 1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிரும், ரேடியம், கோபால்ட் போன்ற பொருள்களிலிருந்து வரும் காமாக் கதிரும் இவ்வகையின. இவை உயிரணுவின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளைச் சிதைக்க வல்லவை.

இரண்டாம் வகைக்கு அந்த ஆற்றல் இல்லை. வானொலி அலை, தொலைக்காட்சி அலை, செல்போன் அலை, மைக்ரோவேவ் அடுப்பின் அலை யாவும் இதில் அடங்கும். இவை அளவுக்கு மிஞ்சினால் உடலைச் சூடாக்கும்; மரபுப் பொருளை உடைக்க மாட்டா. ஆயிரம் பேர் கூடிப் பஞ்சை எறிந்தாலும் கூரை ஓடு உடைவதில்லை. ஒருவன் ஒரு கல்லை எறிந்தால் உடைகிறது. இரண்டாம் வகை பஞ்சு, முதல் வகை கல். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி அச்சம் விலகிவிடும்.

அந்தக் கல்லும்கூட அளவைப் பொறுத்தது. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நாம் உண்ணும் உணவிலிருந்தும் ஒவ்வொரு மனிதரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் அளவு அயனியாக்கும் கதிர்வீச்சைப் பெறுகிறோம். கேரளக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணல் உள்ள பகுதிகளில் இது இன்னும் மிகுதி. அப்பகுதியில் பிறந்த முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் குறைகளுக்கும் அம்மண்ணின் கதிர்வீச்சுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

முதலில் செல்போன். இது இரண்டாம் வகை அலையை வெளியிடுவது. உடல் ஏற்கும் அலையின் அளவுக்கு நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் கிலோ ஒன்றுக்கு 1.6 வாட் என வரம்பு உண்டு. செல்போன் கோபுரங்களுக்கும் அன்று முதல், பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கே அனுமதி. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வலைகளைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவையாக இருக்கலாம் என்னும் பட்டியலில் வைத்தது உண்மை. அது போனைக் காதோடு வைத்து நெடுங்காலம் பேசியோரின் தலைக்கட்டிகளைப் பற்றிய, முடிவாகாத சான்றைக் கொண்டு எழுந்த எச்சரிக்கை. வயிற்றுப் பிள்ளையைப் பற்றியதன்று. 2024-இல் அந்நிறுவனம் ஏற்பாடு செய்த மறு ஆய்வு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்று கூறிற்று. செல்போன் அலையால் கருவுக்குக் கேடு விளையும் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை.

அப்படியும் மனம் கேளாதவர்க்கு எளிய வழி உண்டு. அலையின் வலிமை தொலைவு கூடக் கூட விரைந்து குறையும். ஒரு சாண் இருந்ததை இரு சாண் ஆக்கினால் வலிமை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். ஒலிபெருக்கியில் வைத்துப் பேசலாம். உறங்கும்போது வயிற்றின் மேல் வைக்காமல் தலைமாட்டுக்கு அப்பால் வைக்கலாம். தள்ளி வைக்கலாம், பூட்டி வைக்கலாகாது. கருவுற்ற பெண்ணின் கையில் உள்ள செல்போன் 108-க்கும் 104-க்கும் செவிலியருக்கும் அவளைச் சேர்க்கும் கயிறு. அதை அறுப்பது காப்பாகாது.

அடுத்தது தொலைக்காட்சி. பழைய குழாய்ப் பெட்டிகளைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1967-இல் அமெரிக்காவில் ஒரு வகை வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அளவுக்கு மிஞ்சி எக்ஸ் கதிர் கசிவது கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அந்நாடு சட்டம் இயற்றிக் கசிவுக்குக் கடும் வரம்பு விதித்தது. அதன்பின் வந்த பெட்டிகளில், குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் மிகுதியாகக் கலக்கப்பட்டது. எக்ஸ் கதிரை ஈயம் தடுத்துவிடும். இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளில் அந்தக் குழாயே இல்லை. எக்ஸ் கதிரும் இல்லை. ஆயினும் அந்த ஈயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

கணிப்பொறியின் முன் வேலை செய்யும் நம் பெண்கள் இன்று பலர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1980-ஆம் ஆண்டளவில் கனடாவின் டொரான்டோ நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் கணிப்பொறித் திரைமுன் பணிசெய்த பெண்கள் சிலருக்குக் குறையுள்ள குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் அச்சம் பரவியது. அந்த அச்சத்தை எவரும் எள்ளி நகையாடவில்லை, ஆராய்ந்தார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் திரைமுன் பணிசெய்த பெண்களையும், திரையின்றி அதே போன்ற பணி செய்த பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1991-இல் வெளிவந்தது. இரு சாராரிலும் கருச்சிதைவு நூற்றுக்கு ஏறத்தாழ 15 என்ற அளவிலேயே இருந்தது. திரை குற்றவாளி அன்று என்பது தெளிவாயிற்று. ஆனால் நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பது கருவுற்ற பெண்ணுக்கு ஆகாது. மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பு உணவில் உள்ள நீரை அதிரச் செய்து சூடாக்குவது. அது உணவைக் கதிரியக்கப் பொருளாக்குவதில்லை. கதவைத் திறந்தவுடன் அலை நின்றுவிடும். நம் பெண்கள் பலர் பிறர் வீட்டுச் சமையலறையில் இதனைக் கையாள்கிறார்கள். கதவு கோணியிருந்தாலோ, கண்ணாடி விரிந்திருந்தாலோ, கதவு சரியாக மூடாவிட்டாலோ அதனைப் பயன்படுத்த மறுக்கலாம், மறுக்க வேண்டும்.

மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி இவற்றில் அஞ்ச வேண்டியது கதிர்வீச்சு அன்று; மின்சாரம். எர்த் இல்லாத இணைப்பு, தோல் உரிந்த ஒயர், ஈரக் கை, வாளியில் போட்டு நீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு ஆகியவை உண்மையான ஆபத்துகள். கருவுற்றவளுக்கு மின்னதிர்ச்சி நேர்ந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாதது போலத் தோன்றினும், உடனே மருத்துவமனைக்குச் சென்று பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே நின்றுவிடும் 30 மில்லிஆம்பியர் தடுப்புக் கருவியை வீட்டில் பொருத்துவது, நூறு தாயத்துகளை விட மேலானது.

எக்ஸ்ரே அறையில் கேட்க வேண்டிய கேள்வி

அப்படியானால் முதல் வகைக் கதிரை நம் பெண்கள் எங்கே சந்திக்கிறார்கள்? வீட்டில் அன்று, மருத்துவமனையில். இங்கே ஒரு சொல்லால் பெருங்குழப்பம் விளைகிறது. ஸ்கேன் என்ற ஒரே சொல்லால் மூன்றினைக் குறிக்கிறோம். கருவுற்ற பெண்ணுக்கு வழக்கமாக எடுக்கப்படும் ஸ்கேன், காதுக்குக் கேளாத ஒலியால் எடுப்பது. அதில் கதிரே இல்லை. எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தாலும் வானொலி அலையாலும் எடுப்பது. சி.டி. ஸ்கேன் மட்டுமே எக்ஸ் கதிரால் எடுப்பது. எடுக்கும் முன் எந்த ஸ்கேன் என்று கேட்பது நம் உரிமை.

கருவறையில் உள்ள பிள்ளை எக்ஸ் கதிருக்கு இலக்காகலாகாது என்பதை உலகுக்கு உரைத்தவர் ஒரு பெண். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் மருத்துவர். குழந்தைகள் இரத்தப் புற்றுநோயால் இறப்பது ஏன் என அவர் ஆராயப் புகுந்தபோது, அந்தத் தாய்மாரையே கேட்பது என்று முடிவு செய்தார். பிள்ளையை இழந்த தாய்மாரிடமும், நலமான பிள்ளையையுடைய தாய்மாரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. கருவுற்றிருந்தபோது வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டோர், பிள்ளையை இழந்தவர்களிடையே ஏறத்தாழ இரு மடங்கு இருந்தனர். 1956-இலும் 1958-இலும் இதை அவர் வெளியிட்டார். மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தே அவர் கூற்று நிலைபெற்றது. எளிய தாய்மாரின் நினைவைச் சான்றாக மதித்ததால் கிடைத்த அறிவு அது. தாய் சொல்வதைக் கேட்பதும் விஞ்ஞானமே என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதனால் எக்ஸ்ரே என்றாலே ஓட வேண்டும் என்று பொருளில்லை. கருவில் பிறவிக் குறை விளையும் அளவு 100 மில்லிகிரே அளவில்தான் தொடங்கும் என்பது பன்னாட்டு வல்லுநர்களின் கணிப்பு. மார்பு எக்ஸ்ரேயில் கருவைச் சேர்வது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. வயிற்று எக்ஸ்ரேயில் 0.1 முதல் 3 வரை. இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனில் 10 முதல் 50 வரை. 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் தாய் வயிற்றில் இருந்த குழந்தைகளிடம், அதிலும் 8 முதல் 15 வாரக் கருவாயிருந்தவர்களிடம், அறிவு வளர்ச்சி குன்றியது காணப்பட்டது. அது பேரளவுக் கதிரின் கொடுமை. மார்பு எக்ஸ்ரேயை அதனோடு ஒப்பிடுவது, தீக்குச்சியைக் காட்டுத்தீயோடு ஒப்பிடுவதாகும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? காசநோய் நம் மக்களை இன்னும் விட்டபாடில்லை. இருமலும் இளைப்புமாக வரும் கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால், பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டார் தடுத்துவிடுகிறார்கள். கண்டறியப்படாத காசநோய் தாயையும் பிள்ளையையும் சேர்த்து அழிக்கும். மார்பு எக்ஸ்ரே அழிக்காது.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவே. மாதவிலக்கு நாள் தள்ளியிருந்தால், கரு உறுதியாகாவிடினும், எக்ஸ்ரே அறையில் கதவருகிலேயே சொல்லிவிட வேண்டும். வெட்கத்தால் மறைக்கலாகாது, மாமியாரோ கணவரோ அருகில் இருந்தாலும் சொல்லத் தயங்கலாகாது. ஒலி ஸ்கேனால் இதைப் பார்க்க இயலாதா, பிறகு எடுத்தால் ஆகாதா என்று கேட்க வேண்டும். எடுத்தே தீர வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டும். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் மருந்து உட்கொள்வது மட்டும் கருவுற்ற காலத்தில் அறவே கூடாது. அது பிள்ளையின் தைராய்டைத் தாக்கும். பிறர்க்கு எக்ஸ்ரே எடுக்கும்போது துணைக்குப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கருவுற்ற பெண் ஏற்கலாகாது. அப்பணியே தொழிலாக உள்ளவர் தம் நிலையை மேலதிகாரியிடம் உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்த பின் பேறு வரை கரு பெறும் அளவு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டு விதி.

அறியாமல் ஒரு படம் எடுத்துவிட்டோம், பிறகுதான் கரு தெரிந்தது என்று கலங்கும் பெண்ணுக்கும் ஒரு சொல். அதற்காகக் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். 1986-இல் சோவியத் நாட்டில் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, தொலைவிலிருந்த கிரேக்க நாட்டிலும் பீதி பரவியது. அங்கே மக்கள் பெற்ற கூடுதல் கதிர்வீச்சு 1 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவு. ஆயினும் அச்சத்தால், பெற்றோர் விரும்பிச் சுமந்த ஏறத்தாழ 2,500 கருக்கள் கலைக்கப்பட்டன என்று 1987-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கதிர் கொல்லாத பிள்ளைகளை அச்சம் கொன்றது.

அஞ்ச வேண்டியது கொல்லையில் இருக்கிறது

இப்போது அந்த ஈயத்துக்கு வருவோம். தொலைக்காட்சிக் குழாயின் கண்ணாடியில் உள்ள ஈயம், பெட்டி வீட்டுக்குள் முழுமையாக இருக்கும்வரை காவலன். அதே பெட்டி பழுதாகிக் காயலான் கடைக்குப் போய், சுத்தியலால் உடைபடும்போது அந்த ஈயம் பகைவனாகிவிடுகிறது. உடைந்த கண்ணாடித் தூளிலும், தகடுகளின் பற்றீயத்தை உருக்கும் புகையிலும், இன்வர்ட்டர் பேட்டரியைப் பிளக்கும் இடத்திலும் ஈயம் பறக்கிறது. மூச்சாலும் கையாலும் உணவாலும் உடலுக்குள் செல்கிறது, எலும்பில் தங்குகிறது, பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து இறங்கிக் குருதி வழியே பிள்ளையை அடைகிறது. கருச்சிதைவுக்கும், குறைப் பேற்றுக்கும், பிள்ளையின் அறிவு மழுங்குவதற்கும் அது காரணமாகும். ஈயத்தில் தீங்கில்லாத அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை. ஒயரைக் கொளுத்தும் புகையோ ஈயத்தோடு டையாக்சின் என்னும் நஞ்சையும் சுமந்து வருவது.

இந்தத் தொழிலில் இருப்பவர் யார்? நாட்டின் கழிவை அள்ளவும் பிரிக்கவும் எந்த மக்களைச் சாதி தள்ளியதோ, அந்த மக்களே பெரும்பாலும் மின்னணுக் கழிவையும் பிரிக்கிறார்கள். உலகெங்கும் முறைசாராக் கழிவுத் தொழிலில் ஏறத்தாழ ஒரு கோடியே 29 லட்சம் பெண்கள் உள்ளதாக 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவர்களுட் பலர் பிள்ளை பெறும் வயதினர். பயன்படுத்தும் சுகம் ஒருவர்க்கு, உடைக்கும் நஞ்சு மற்றொருவர்க்கு என்பது பழைய அநீதியின் புதிய வடிவம்.

அயனியாக்கும் கதிரும்கூட இவ்வழியேதான் எளியோரை எட்டியிருக்கிறது. 2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரிக் காயலான் சந்தையில், ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஏலத்தில் விடப்பட்ட பழைய கருவியைப் பிரித்தபோது, அதனுள் இருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் நோயுற்றனர். படித்தவர்கள் கவனமின்றி எறிந்ததைப் பிரித்த கைகளுக்கு அதனுள் என்ன இருந்தது என்று எவரும் சொல்லவில்லை. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட அந்த அபாயக் குறி எப்படி இருக்கும் என்பதை, பழைய இரும்புக் கடையில் வேலை செய்யும் ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருக்க வேண்டும். அக்குறியைக் கண்டால் தொடாமல் விலகிக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாம் அத்தொழிலைப் பழிக்கவில்லை. அதைச் செய்வோரையும் பழிக்கவில்லை. வேறு தொழில் கிடைக்கும்வரை அதனால்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆகவே செய்யத்தக்கதைச் சொல்கிறோம். கருவுற்ற பெண்ணும் சிறு குழந்தையும் அந்த இடத்துக்கு அருகிலும் வரலாகாது. வீட்டுக் கொல்லையில் ஒயர் கொளுத்துவதை நிறுத்த வேண்டும். வேலை முடித்து வருபவர் குளித்து உடை மாற்றிய பின்னரே வீட்டுக்குள் நுழைய வேண்டும். அவ்வுடையைப் பிள்ளைத்துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். ஆகவே செவிலியர் தரும் மாத்திரைகளைப் பரணில் போடாமல் உட்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இக்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரே கையாள வேண்டும். அத்தகைய நிலையங்களில் முறையான ஊதியமும் பாதுகாப்பும் உள்ள வேலையை நம் இளைஞர்களுக்குக் கேட்டுப் பெறுவது நம் கழகத்தின் அடுத்த பணிகளுள் ஒன்றாகட்டும்.

விறகடுப்புப் புகையும் இப்பட்டியலில் சேரும். எடை குறைந்த பிள்ளை பிறப்பதற்கும் பிள்ளை இறந்து பிறப்பதற்கும் அதனோடு தொடர்பு உண்டு. செல்போனுக்கு அஞ்சிக்கொண்டே கருவுற்ற மருமகளைப் புகையில் அமர்த்தி ஊதச் சொல்வது அறிவுக்குப் பொருந்துமா?

நிறைவுரை

அன்பார்ந்த இளைஞர்களே! அச்சத்தை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அதனை அளந்து, உரிய இடத்தில் வையுங்கள் என்கிறோம். எழுத்தறியாத நம் பாட்டிமார் கிரகணத்துக்கு அஞ்சினார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர எவரும் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. கதிர் என்றால் எந்தக் கதிர், ஸ்கேன் என்றால் எந்த ஸ்கேன், தீங்கு என்றால் எவ்வளவு தீங்கு என்று கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்கவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் விளக்கேற்றி வைத்திருக்கிறது.

இன்று வீடு திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவள் போன் அவள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னிணைப்புகளுக்கு எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொல்லைப்புறம் சென்று அங்கே என்ன எரிகிறது என்று பாருங்கள். முதலிரண்டில் குறை இருந்தால் சரி செய்யுங்கள், மூன்றாவதை அணைத்துவிடுங்கள்.

அன்று பீரோவுக்குள் பூட்டிய போனின் பக்கத்தில் துடித்த அந்தப் பெண்ணின் பிள்ளை, இன்று நம் இரவுப் பாடசாலையில் முதல் வரிசையில் அமர்ந்து படிக்கிறது. கொல்லையில் ஒயர் கொளுத்திய அவன் சிற்றப்பன் அந்த வேலையை விட்டுவிட்டார். அவ்வீட்டில் மாறியது போல ஒவ்வொரு வீட்டிலும் மாற வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.